வாரம் பத்து மணி நேரம்: சமூகக் கல்லூரி மாணவருக்கு ஓர் உபகாரச் சம்பளம்

பினாங்கில் நம் சங்கங்களும் கோயில்களும் அறவாரியங்களும் ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் கல்வி உதவி கொடுக்கின்றன. அந்த விண்ணப்பப் பாரங்களை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தாம் முடிவைத் தீர்மானிக்கின்றன. எத்தனை ஏ வாங்கினாய்? குடும்ப வருமானம் எவ்வளவு? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் அக்கம்பக்கத்தாருக்காக ஓடி ஓடி உழைக்கிற ஒரு பிள்ளை, அந்த உழைப்பின் காரணமாகவே ஆதரவு பெற நம்மிடம் வழி இல்லை. அப்படியோர் உபகாரச் சம்பளம் வேண்டும், அது பல்கலைக்கழக மாணவருக்குப் போகாமல் சமூகக் கல்லூரி மாணவருக்குப் போக வேண்டும், அதை நற்செயலுக்குத் தரும் பரிசாகக் கருதாமல் அந்த மாணவரின் நேரத்துக்கான ஈடாகக் கணக்கிட வேண்டும் என்பதே இன்று நான் முன்வைக்கும் வாதம்.

கல்வியில் திறமையைத் தேடிப் பிடித்து வளர்க்கும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல. பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816இல் தொடங்கியது. இந்நாட்டின் தமிழ்க்கல்வியும் அங்கே நடந்த தமிழ் வகுப்பிலிருந்துதான் கணக்கிடப்படுகிறது. 2016இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடியது அதனால்தான். 1885இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்று மகாராணி உபகாரச் சம்பளம் வந்தது. தேர்வில் முதலிடத்தில் நிற்கும் ஓரிருவரைப் பிரிட்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்த ஏற்பாடு அது. 1896இல் அதை வென்றவர் பினாங்கில் பிறந்த ஊ லியென் தே. கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்துத் திரும்பி, ஜார்ஜ்டவுனில் சொந்தமாக மருத்துவம் பார்த்தார், அபினுக்கு எதிராக இயக்கம் நடத்தினார். 1908இல் சீனாவுக்குப் போனார். 1910, 1911 ஆண்டுகளில் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயைக் கட்டுப்படுத்தியவர் என்று உலகம் இன்றும் அவரை நினைக்கிறது. மூச்சுக்காற்றின் வழியே அந்நோய் தொற்றுகிறது என்று கண்டு, பருத்தித்துணியால் முகக்கவசம் செய்து அணியச் சொன்னவர் அவர்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக் கொடுத்த பணமும் இத்தகைய தொண்டரை உருவாக்கியிருக்கிறதே, பிறகு தொண்டுக்கென்று தனியாக ஓர் ஏற்பாடு எதற்கு என்று யாரும் கேட்கலாம். என் வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடியவற்றில் வலுவானது இதுதான் என்று நினைக்கிறேன். ஊ லியென் தேயின் பெருமையில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த தேர்வு அவருடைய தொண்டுள்ளத்தைச் சோதிக்கவில்லை. அது தற்செயலாக வாய்த்தது. அப்படி வாய்த்தவரையும் இந்த ஊரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. வெள்ளையர் அல்லாத மருத்துவருக்குக் காலனிய மருத்துவத் துறையில் உயர்பதவி மறுக்கப்பட்ட காலம் அது என்பது உண்மைதான். அந்தத் தடை நீங்கிப் பல தலைமுறைகள் ஆன பிறகும் உச்ச மதிப்பெண்காரர்களை நாம் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் மெல்பர்னுக்கும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். அவர்கள் போவது தவறு என்று நான் சொல்லமாட்டேன். பொதுச் சேவைத் துறை, பெட்ரோனாஸ் என்று அவர்களுக்குக் கைகொடுக்கப் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. ஊரிலேயே தங்கிவிடப் போகிற பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

ஊரில் தங்கும் அந்தப் பிள்ளைதான் சமூகக் கல்லூரிக்குப் போகிறார். அரசாங்கம் 2001இல் தொடங்கிய இந்தக் கல்லூரிகள் இன்று நாடு முழுவதும் நூறைத் தொடுகின்றன. நம் மாநிலத்தில் கெப்பாலா பத்தாஸ், பாயான் பாரு, நிபோங் திபால் போன்ற இடங்களில் இருக்கின்றன. எஸ்.பி.எம். தேர்வில் பெரிய மதிப்பெண் இல்லாதவரும் சேரலாம். மின் வயரிங், ஏர்கோன் பழுதுபார்ப்பு, வாகனப் பராமரிப்பு, சமையற்கலை, தையல், கணினி என்று கைத்தொழில் கற்றுச் சான்றிதழோ டிப்ளோமாவோ பெறலாம். பொதுமக்களுக்கான குறுகிய காலப் பயிற்சிகளும் அங்கேயே நடப்பதால், இல்லத்தரசியும் ஓய்வுபெற்றவரும் அதே வளாகத்துக்கு வந்து போகிறார்கள். படிப்பு முடிந்ததும் இந்த மாணவர்களில் பெரும்பாலோர் பிறையிலோ பட்டர்வொர்த்திலோ பாயான் லெப்பாஸிலோ வேலைக்குப் போகிறார்கள், அதே வீடமைப்புப் பகுதியில் குடும்பம் நடத்துகிறார்கள். பதினெட்டு வயதில் அவர்களுக்குப் படியும் தொண்டுப் பழக்கத்தின் பலன் அடுத்த நாற்பது ஆண்டும் இந்த ஊருக்கே கிடைக்கும். கல்விக்குச் செலவிடும் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்க்கிற எந்த அறவாரியமும் இதைக் கவனித்தாக வேண்டும்.

சமூகக் கல்லூரியில் கட்டணமே குறைவு, அங்கே படிப்பவருக்கு எதற்கு உபகாரச் சம்பளம் என்பார்கள். கட்டணம் குறைவுதான். ஆனால் ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய செலவு கட்டணம் அல்ல, வராமல் போகிற சம்பளம். 1972 முதல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை இருக்கிறது. எஸ்.பி.எம். முடித்த பிள்ளை அடுத்த மாதமே அங்கே வேலையில் சேரலாம். இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். இரண்டு ஆண்டு படிக்க உட்கார்ந்தால் 40,800 ரிங்கிட் அந்த வீட்டுக்குள் வராது, ஓவர்டைம் இதில் சேரவில்லை. அப்பா லாரி ஓட்டி, அம்மா துப்புரவு வேலை செய்யும் வீட்டில் இந்தத் தொகையை விட்டுக்கொடுப்பது பெரிய தியாகம். அதனால் படிக்கிற பிள்ளை மாலையில் ஓர் உணவுக்கடையிலோ பேரங்காடியிலோ பகுதிநேர வேலைக்குப் போகிறார். பகல் முழுக்கப் பட்டறையில் நின்றுவிட்டு, இரவு பத்து மணி வரை மறுபடியும் நிற்கிறார். இவரிடம் போய், சனிக்கிழமை காலை முதியோர் இல்லத்துக்கு வா என்று கூப்பிட்டால் எப்படி வருவார்? மனம் இருக்கும், நேரம் இருக்காது.

தொண்டு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மேடை போட்டு, சட்டை அணிந்து, படம் எடுத்துச் செய்வது ஒரு வகை. கண்ணில் படாத இன்னொரு வகை உண்டு. சிறுநீரகம் பழுதான ஒருவர் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போயாக வேண்டும். பழைய அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் அவர் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. யாராவது கைபிடித்து இரண்டு படிக்கட்டு இறக்க வேண்டும், வாடகைக் காரைப் பிடிக்க வேண்டும், முடிந்ததும் வந்து கூட்டிப்போக வேண்டும். சிகிச்சை முடியும்போது தலை சுற்றும், இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். ஊசி குத்திய கையில் கட்டுப் போட்டிருக்கும், அந்தக் கையால் எதையும் தூக்கக்கூடாது. பையைத் தூக்க ஒரு கை, தோளுக்கு ஒரு தாங்கல் அவருக்கு வேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் இதைச் செய்வது பக்கத்து வீட்டுப் பையன்தான். பினாங்கு முதியோர் பெருகிவரும் மாநிலம். வயரிங் படிக்கும் மாணவர் அதே அடுக்குமாடியில் கருகிப்போன சுவிட்சை மாற்றிக் கொடுக்கிறார், கணினி படிக்கும் மாணவி எதிர்வீட்டுப் பாட்டிக்கு அரசாங்க உதவித்தொகை விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பித் தருகிறார். இதற்கெல்லாம் நற்சான்றிதழ் யாரும் அச்சடிப்பதில்லை.

பணம் கொடுத்தால் அது தொண்டாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். நம் மரபில் இது ஆழமான தயக்கம், அதை நான் மதிக்கிறேன். கூலி வாங்கிச் செய்வதைத் தொண்டு என்று நம் பெரியவர்கள் சொல்லமாட்டார்கள். ஆனால் இலவசமாகச் செய்தால்தான் தொண்டு என்ற விதி நடைமுறையில் என்ன செய்கிறது என்று பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளை விடுமுறையில் வெளிநாட்டு முகாமுக்குப் போய்த் தொண்டு செய்து, அதை எழுதியே நல்ல கல்லூரியில் இடம் பெறுகிறார். ஏழைப் பிள்ளைக்கு அந்த வாய்ப்பு மூடியே இருக்கிறது. அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரி மிக எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்றே நடக்கும் கல்லூரி, படிப்புக் கட்டணம் வாங்குவதில்லை. 1990இல் பானர் அறக்கட்டளை அங்கே ஓர் உபகாரச் சம்பளத்தைத் தொடங்கியது. வாரம் பத்து மணி நேரம் சுற்றுவட்டாரத்தில் தொண்டு செய்யும் மாணவருக்குப் பணம் தருகிறார்கள். பகுதிநேர வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் குறைகிறது, அந்த நேரம் ஊருக்குக் கிடைக்கிறது. பிறகு பல கல்லூரிகள் இதே முறையை எடுத்துக்கொண்டன. வசதி படைத்தவரின் பொழுதுபோக்காகத் தொண்டு சுருங்கிவிடாமல் காத்த ஏற்பாடு என்று நான் அதை மதிப்பிடுகிறேன். கோயிலில் சமைப்பவருக்கும் நாதஸ்வரம் வாசிப்பவருக்கும் நாம் சம்பளம் கொடுக்கிறோம், அதனால் பூசை தூய்மை கெட்டுவிட்டதாக யாரும் நினைப்பதில்லை.

இனி ஏமாற்று பற்றிய அச்சம். பணம் வருகிறது என்றால் பொய்க்கடிதங்கள் குவியும், தலைவர்கள் வேண்டியவர்களுக்கு முத்திரை குத்திக் கொடுப்பார்கள் என்கிறார்கள். அச்சம் நியாயமானது, அனுபவமும் அதைத்தான் சொல்கிறது. நம் அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 90 விழுக்காடும் புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடும் உண்டு. நோக்கம் நல்லது. ஆனால் பதவிக்குப் புள்ளி, போட்டிக்குப் புள்ளி, சான்றிதழுக்குப் புள்ளி என்று ஆனதும், பள்ளிகளில் சான்றிதழ் சேகரிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. இந்தியாவில் காந்தி நூற்றாண்டான 1969இல், 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் என்பது அதன் கணக்கு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் அந்தத் திட்டத்தின் பெயரால் உண்மையான பணி நிறைய நடந்திருக்கிறது. அதேசமயம், மணி நேரத்தை மட்டும் எண்ணும் எந்தத் திட்டத்திலும் பதிவேட்டை நிரப்புவது பணியைவிட எளிதாகிவிடும் அபாயம் உண்டு.

ஆகவே கேட்க வேண்டிய ஆளை மாற்ற வேண்டும் என்கிறேன். தொண்டு செய்தவரிடம் கட்டுரை கேட்கக்கூடாது. கட்டுரை நன்றாக எழுதுபவர் ஏற்கெனவே படிப்பில் முன்னே நிற்பவர், மறுபடியும் மதிப்பெண்தான் வெல்லும். தலைவர்களிடமும் கடிதம் கேட்கக்கூடாது. உதவி பெற்றவரிடம் கேட்க வேண்டும். மாணவர் மூன்று பேரின் முகவரியைத் தரட்டும். தேர்வுக்குழுவிலிருந்து ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் போய், அந்தப் பையன் எப்போது வருவான், என்ன செய்வான், கடைசியாக எப்போது வந்தான், வராமல் போனதுண்டா என்று கேட்கட்டும். எட்டாவது மாடியில் இருக்கும் அந்த நோயாளிக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். உபகாரச் சம்பளத்தை முதல் பருவத்திலேயே கொடுக்கத் தேவையில்லை. ஒரு பருவம் மாணவரைக் கவனித்துவிட்டு, இரண்டாம் பருவத்திலிருந்து கொடுக்கலாம். பணத்துக்காகத் தொடங்கியவர் பணம் வருமுன்பே நின்றுவிடுவார். வீட்டில் படுக்கையில் கிடக்கும் தாத்தாவைப் பார்த்துக்கொள்வதும் இந்தக் கணக்கில் வருமா என்று கேட்டால், முழுதாக வராது என்பேன். அது கடமை, அதற்குக் குடும்ப வருமானக் கேள்வியிலேயே இடம் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கடமையால் வெளியே போக முடியாத மாணவரை மற்றவரோடு நிறுத்தி மணிக்கணக்குப் பார்ப்பது அநியாயம். அவருக்கு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்? 1906ஆம் ஆண்டு முதல் பினாங்கில் இந்து அறக்கட்டளைச் சொத்துகளை மேற்பார்க்கச் சட்டப்படி ஒரு வாரியம் இருக்கிறது. தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலும் வேறு சில கோயில்களும் நிலங்களும் கட்டடங்களும் பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. உயர்கல்வி மாணவருக்கு அது உதவித்தொகை கொடுத்தும் வருகிறது. அதிலிருந்து ஒரு சிறு பகுதியை இப்படித் தனியாக ஒதுக்கலாம். கோயில் பணம் கோயிலுக்கே என்பவர்கள் சென்னையின் பச்சையப்ப முதலியாரை நினைத்துப் பார்க்க வேண்டும். 1794இல் அவர் இறந்தபோது கோயில்களுக்கும் தர்ம காரியங்களுக்குமாகப் பெருஞ்செல்வத்தை விட்டுச் சென்றார். நீண்ட வழக்குக்குப் பின் மிஞ்சிய தொகையிலிருந்து 1842இல் பள்ளி பிறந்தது, பிறகு அது கல்லூரியாயிற்று. கோயில் தர்மமும் குறையவில்லை, தலைமுறை தலைமுறையாக ஏழைகளும் படித்தார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் விடிய விடிய நின்று மோர் ஊற்றுவதும், மறுநாள் தெருவில் சிதறிக் கிடக்கும் தேங்காய்ச் சில்லைக் கூட்டுவதும் முருகனுக்குச் செய்யும் பணி என்றால், அதைச் செய்கிற பிள்ளையைப் படிக்க வைப்பதும் முருகனுக்குச் செய்யும் பணிதான்.

கல்வியைத் தொண்டோடு இணைத்தால் அது அடுத்தடுத்த கைக்குப் போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், தோட்டப்புறத்துப் பிள்ளைகளுக்கும் நகர்ப்புற ஏழைப் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதியில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே படித்துப் பல்கலைக்கழகம் போனவர்களில் பலர் அதே வகுப்பறைக்கு ஆசிரியர்களாகத் திரும்பி வந்தார்கள். அந்த அமைப்பின் உயிர்நாடியே அந்தத் திரும்பி வருதல்தான். பல்கலைக்கழகத்துக்குப் போனவரைக் கொண்டு இவ்வளவு சாதிக்க முடிந்தது என்றால், கைத்தொழில் கற்றவரைக் கொண்டு சாதிக்கக்கூடியதை நாம் இன்னும் முயன்றே பார்க்கவில்லை. கணக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஒருவர் வேண்டும் என்பது போலவே, கணக்கு வராத பிள்ளைக்கு ஸ்க்ரூட்ரைவரைக் கையில் கொடுத்து இதிலும் வாழ்க்கை இருக்கிறது என்று காட்ட ஒருவர் வேண்டும். மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்து அறக்கட்டளைப் பணத்தில் படிப்பவர் யாருக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற கேள்வியும் எழும். அடுக்குமாடியில் நம் வீட்டுக்கு எதிரே சீனர் இருக்கிறார், மேல்மாடியில் மலாய்க்காரர் இருக்கிறார். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய பெருமழையில் பினாங்கில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். வெள்ளம் வீட்டுக்கு வீடு மதம் கேட்டுப் புகவில்லை. கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்தன. எனவே நிதி எந்தச் சமூகத்துடையதோ அந்தச் சமூகத்து மாணவருக்குக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அந்த மாணவரின் தொண்டு அக்கம்பக்கம் முழுவதற்கும் உரியதாக இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுத வேண்டும். சீன, மலாய் அறவாரியங்களும் இதே முறையை எடுத்துக்கொண்டால் எல்லாருக்கும் நல்லது. சமூகக் கல்லூரி வகுப்பறையில் மூன்று இனத்துப் பிள்ளைகளும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

தொகையைக் கணக்கிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் தொகை இல்லாத திட்டம் வெறும் விருப்பம். குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஒரு மணி நேரத்துக்கு 8 ரிங்கிட் 72 சென். வாரம் பத்து மணி நேரத்துக்கு 87 ரிங்கிட் 20 சென். படிப்பு நடக்கும் 40 வாரங்களுக்கு ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 3,488 ரிங்கிட். பத்து மாணவருக்கு 34,880, இருபது மாணவருக்கு 69,760. வசதியான ஒரு குடும்பம் ஒரு திருமண விருந்துக்குச் செலவிடும் தொகையைவிட இது அதிகமில்லை. இதை மாதந்தோறும் மாணவரின் கணக்கில் போட வேண்டும். மேடைக்கு அழைத்து, பெரிய அட்டைக் காசோலையைக் கையில் கொடுத்துப் படம் எடுக்க வேண்டாம். அந்தப் படத்தைப் பார்க்கும் வகுப்புத் தோழர்கள் அவரை ஏழை என்று அறிவார்கள், அவர் கைபிடித்து இறக்கிவிடும் நோயாளியோ, இந்தப் பையன் காசுக்குத்தான் வருகிறானோ என்று சங்கடப்படுவார்.

நடுவில் தொண்டை நிறுத்திவிட்டால் என்ன செய்வது என்று நிதி கொடுப்பவர்கள் கட்டாயம் கேட்பார்கள். அந்தப் பருவத்தோடு பணம் நிற்கும், அவ்வளவுதான். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது, ஒப்பந்தப் பத்திரத்தில் பெற்றோரைக் கையெழுத்திட வைக்கக்கூடாது. தேர்வு நெருங்கும் ஆறு வாரங்களில் மணி நேரத்தைப் பாதியாக்கிக்கொள்ள அனுமதிக்க வேண்டும், பணத்தைக் குறைக்காமல். உடம்பு சரியில்லாமல் போனாலும் அப்படித்தான். படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு அவர் தொண்டைத் தொடர்கிறாரா என்று வாரியம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு தொலைபேசி அழைப்பில் விசாரிக்கலாம். ஐந்து ஆண்டு கழித்து அந்தப் பதில்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், இந்த உபகாரச் சம்பளத்தை வளர்ப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்யப் போதிய ஆதாரம் வாரியத்தின் கையில் இருக்கும்.